வெளிநாட்டு சிபிடி எண்ணெய்: வலிப்பு உள்ள குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, எடை 24 கிலோ. மூன்று வயதிலிருந்து வலிப்பு வருகிறது. ‘லெனாக்ஸ்-காஸ்டோ’ வகை என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சோடியம் வால்ப்ரோயேட், குளோபசாம், லெவெடிராசெட்டம் மூன்றும் கொடுக்கிறோம். அப்படியும் தினமும் நாலைந்து தடவை நின்ற இடத்திலேயே பொத்தென்று விழுகிறான். டொராண்டோவில் இருக்கும் என் தம்பி, கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெய் அங்கே கடையிலேயே கிடைக்கிறது, வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். 30 மி.லி. பாட்டிலில் 1000 மி.கி. இருக்கிறதாம். காலையும் மாலையும் ஐந்து சொட்டு போதுமாம். டிஎச்சி 0.3 சதவீதத்துக்கும் குறைவு, போதை வராது என்கிறான். கொடுக்கலாமா? பல நாடுகள் அனுமதித்த மருந்துக்கு இங்கே ஏன் இத்தனை தயக்கம்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்தப் பாட்டிலை அனுப்ப வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் நீங்கள் கேட்டது வீண் கேள்வி இல்லை. கஞ்சாச் செடியை வைத்து ஊரில் சொல்லப்படும் பலன்களில் பாதிக்கு மேல் ஆதாரம் கிடையாது. உங்கள் மகனுக்கு வந்திருக்கும் வலிப்பு வகையோ, அந்தச் செடியின் ஒரு பொருள் முறையாகச் சோதிக்கப்பட்டுத் தேறிய மிகச் சில நோய்களில் ஒன்று.

செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டு. டிஎச்சி போதை தருவது. வளரும் மூளைக்குக் கெடுதல். கன்னாபிடியால், அதாவது சிபிடி, போதை தராது. இந்தக் கன்னாபிடியாலை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு மி.லி.க்கு 100 மி.கி. என்ற அளவில் தயாரித்த ‘எபிடியோலெக்ஸ்’ கரைசலுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 ஜூனில் அனுமதி கொடுத்தது. லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே என்ற இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்கு மட்டும்தான் அந்த அனுமதி. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயில் வரும் வலிப்பு 2020-ல் சேர்ந்தது.

அதே 2018-ல் வெளிவந்த ஆய்வில் லெனாக்ஸ்-காஸ்டோ உள்ள 225 பேர் இருந்தார்கள். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 20 மி.கி. எடுத்தவர்களுக்கு, உங்கள் மகனுக்கு வருவது போன்ற விழும் வலிப்பு சுமார் 42 சதவீதம் குறைந்தது. 10 மி.கி. எடுத்தவர்களுக்கு 37 சதவீதம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெற்றுக் கரைசல் எடுத்தவர்களுக்கும் 17 சதவீதம் குறைந்தது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். குறைகிறதே தவிர, பெரும்பாலோருக்கு நிற்பதில்லை. அளவை இரட்டிப்பாக்கினாலும் பலன் இரட்டிப்பாவதில்லை, பக்கவிளைவுதான் ஏறும். அதனால் கிலோவுக்கு 10 மி.கி.யில் பலன் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்போது தம்பியின் கணக்குக்கு வருவோம். 30 மி.லி.யில் 1000 மி.கி. என்றால் ஒரு மி.லி.க்கு 33 மி.கி. ஒரு மி.லி.க்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால், சொட்டுக்கு 1.7 மி.கி.க்கும் குறைவு. ஒரு நாளின் பத்துச் சொட்டில் போவது ஏறக்குறைய 17 மி.கி. உங்கள் மகனின் எடைக்குத் தொடக்க அளவே ஒரு வேளைக்கு 60 மி.கி., நாளைக்கு 120. ஒரு வாரம் கழித்து அது நாளைக்கு 240 மி.கி. ஆகும். அதாவது பத்துச் சொட்டு என்பது தேவையில் பதினாலில் ஒரு பங்கு. அதைக் கொடுத்துவிட்டு ‘சிபிடி கொடுத்தும் பலன் இல்லை’ என்ற முடிவுக்கு வரும் பெற்றோர் உண்டு. முதல் மாதம் தற்செயலாக வலிப்பு குறைந்துவிட்டால் வேறு ஆபத்து: எண்ணெயே போதும் என்று பழைய மாத்திரைகளைக் குறைக்கத் தொடங்குவார்கள்.

சரி, தேவையான அளவுக்கு அதே எண்ணெயைக் கூட்டிக் கொடுத்தால்? 240 மி.கி.க்கு நாளைக்கு 7.2 மி.லி. வேண்டும், பாட்டில் நான்கு நாளில் காலி. பணத்தை விடுங்கள், 0.3 சதவீத டிஎச்சி என்ற வரம்பைப் பாருங்கள். 7.2 மி.லி. எண்ணெய் ஏறக்குறைய 6.6 கிராம் எடை. வரம்பை ஒட்டிய எண்ணெயாக இருந்தால் அதில் சுமார் 20 மி.கி. டிஎச்சி இருக்கும். செயற்கை டிஎச்சியான டிரோனபினால் மருந்தை, பசி எடுக்காத எய்ட்ஸ் நோயாளிகளான பெரியவர்களுக்கே நாளைக்கு 5 மி.கி.யில்தான் தொடங்குகிறோம். அதைப் போல நான்கு மடங்கு 24 கிலோ குழந்தைக்குப் போனால் மயக்கம், தள்ளாட்டம், வாந்தி, படபடப்பு எல்லாம் வரலாம். 0.3 என்பது வயலில் சணல் வகையையும் (சாக்குச் சணல் இல்லை; நாருக்கும் விதைக்கும் வளர்க்கும், போதை குறைந்த கஞ்சாச் செடி) போதை தரும் கஞ்சா வகையையும் பிரிக்க வைத்த கோடு. குழந்தைக்குப் பாதுகாப்பான அளவு என்று யாரும் அதை நிர்ணயிக்கவில்லை.

லேபிளையும் அப்படியே நம்ப முடியாது. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 31 சதவீதத்தில்தான் லேபிளில் எழுதிய அளவு சரியாக இருந்தது. 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. கனடாவில் உரிமம் பெற்ற கடைகளில் நிலைமை இதைவிட மேல்தான். ஆனாலும் அங்கே விற்பது ஆரோக்கியமான பெரியவர்கள் தாங்களே வாங்கிக்கொள்ளும் பொருள். வலிப்புக் குழந்தைக்கான மருந்து இல்லை.

உங்கள் மகன் விஷயத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது வால்ப்ரோயேட். கன்னாபிடியாலும் வால்ப்ரோயேட்டும் சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறும். ஆய்வுகளில் வால்ப்ரோயேட், குளோபசாம் இரண்டோடும் கன்னாபிடியால் எடுத்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஏஎல்டி என்ற நொதி இயல்பின் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனது. இரண்டும் எடுக்காதவர்களில் அப்படி ஆனது 3 சதவீதம் பேருக்குத்தான். ஆகவே தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு 1, 3, 6-வது மாதங்களில் கல்லீரல் பரிசோதனை கட்டாயம். அளவை மாற்றினாலும் மறுபடி பார்க்க வேண்டும். குளோபசாமின் சிக்கல் வேறு. உடலில் அது மாறி உண்டாகும் பொருளைக் கன்னாபிடியால் வெளியேற விடாது. பிள்ளை நாள் முழுக்கத் தூங்கி வழிவான், எச்சில் வடியும். அப்போது குறைக்க வேண்டியது பெரும்பாலும் குளோபசாமின் அளவை. வீட்டில் சொட்டு ஊற்றிக்கொண்டு அதை மருத்துவரிடம் மறைத்தால், இந்தத் தூக்கத்தின் காரணம் தெரியாமல் ஸ்கேன் வரை எடுக்க நேரும்.

இங்கேயே இணையத்தில் கிடைக்கும் ‘விஜயா’ எண்ணெய்களைப் பற்றி அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அவை கஞ்சா இலைச் சாறு சேர்த்து ஆயுர்வேத உரிமத்தின் கீழ் வருபவை. மருந்துச் சட்ட விதிகளின் ‘இ-1’ நச்சுப்பொருள் பட்டியலில் கஞ்சா இருப்பதால், மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும். இவற்றில் டிஎச்சியும் கலந்தே இருக்கும். குழந்தைக்கு வேண்டாம். சணல் விதை எண்ணெய் இன்னொரு வகை. 2021 நவம்பரில் உணவுப் பொருளாக அனுமதிக்கப்பட்ட அது நல்ல சமையல் எண்ணெய். அதில் சிபிடி இருந்தாலும் மிக அற்பமே. இரண்டின் படத்திலும் அதே ஏழு விரல் இலைதான், அதனால்தான் மக்கள் ஏமாறுகிறார்கள்.

சட்டம் இரண்டு பக்கமும் கடிக்கும். கனடாவில் கடையில் வாங்குவது குற்றமில்லை. அனுமதியில்லாமல் எல்லை தாண்டி அனுப்புவது, அது சிபிடி எண்ணெயாகவே இருந்தாலும், பெருங்குற்றம். அதிகபட்ச தண்டனை 14 ஆண்டு சிறை. இங்கே 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பிசினையும் பூக்கும் நுனியையும் கஞ்சா என்று வரையறுக்கிறது. தனித்த இலையும் விதையும் அதில் வராது. 0.3 சதவீதம் வரை பரவாயில்லை என்ற சலுகை அந்தச் சட்டத்தில் இல்லை. சுங்கத்தில் பார்சலைப் பிரித்து டிஎச்சி தென்பட்டால், பார்சலில் எழுதியிருப்பது உங்கள் பெயர்.

‘ஏன் தயக்கம்’ என்று கேட்டீர்கள். இந்த மருந்தின் கதை தொடங்கியதே நம் நாட்டில்தான். வலிப்பு வந்த கைக்குழந்தைக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துப் பார்த்ததை 1839 வாக்கில் கல்கத்தாவில் வில்லியம் ஓ’ஷானசி என்ற மருத்துவர் எழுதி வைத்தார். 2020 டிசம்பர் 2-ல் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கும் தீர்மானம் 27-க்கு 25 என்ற கணக்கில் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. நம் சட்டத்தின் 8-வது பிரிவும் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இடம் விட்டிருக்கிறது. ஆகவே ‘தடையை நீக்கு’ என்ற கோஷத்தில் பாதி, ஏற்கெனவே திறந்திருக்கும் கதவைத் தட்டுவது.

என் பார்வையில் நாம் கற்க வேண்டிய பாடம் மார்ஃபினில் இருக்கிறது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுப்பதை 1985 சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விதி, ஒரே மருந்துக்குப் பல உரிமம், தவறினால் சிறை என்றதும் மருத்துவமனைகள் அதை வாங்குவதையே நிறுத்திவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி ‘அத்தியாவசிய போதை மருந்துகள்’ என்ற தனி வகையை உண்டாக்கும் வரை நோயாளிகள் வலியில் துடித்தார்கள். பிரிட்டனிலும் இதே அனுபவம்தான். பில்லி கால்டுவெல் என்ற 12 வயதுச் சிறுவனுக்காக அவன் தாய் கனடாவிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை 2018 ஜூனில் ஹீத்ரோ விமான நிலையத்தில் பறிமுதல் செய்தார்கள். நாடே கொந்தளித்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ல் சட்டம் மாறி, சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்தை எழுதித்தரலாம் என்று ஆனது. ஆனால் சோதித்துத் தேறாத எண்ணெய்களை எழுதித்தர அரசு மருத்துவர்கள் தயங்கியதால் பல குடும்பங்கள் இன்றும் தனியாரிடம் காசு கொடுத்தே வாங்குகின்றன. தாய்லாந்து எதிர்த் திசையில் சறுக்கியது: 2022-ல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, தெருவெங்கும் கடை முளைத்த பின் 2025-ல் மருந்துச் சீட்டு வேண்டும் என்று திரும்பியது. எனவே நாம் அரசிடம் கேட்க வேண்டியது தரம் சோதித்த கரைசல், எழுதித்தரப் பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவர், அரசு மருத்துவமனையில் இருப்பு. இவை மூன்றும் இல்லாத அனுமதி உங்கள் மகனுக்கு உதவாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த நான்கு வாரம் ஒரு நோட்டில் விழும் வலிப்பு, விறைக்கும் வலிப்பு, வெறித்துப் பார்ப்பது என்று தனித்தனியாக எண்ணிக்கை எழுதுங்கள். ஒன்றிரண்டைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். இந்த அடிப்படைக் கணக்கு இல்லாமல் எந்தப் புது மருந்தின் பலனையும் சொல்ல முடியாது. பொருத்தமான இரண்டு மருந்துகள் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. உங்கள் மகன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான். ஆகவே வலிப்புக்கென்று தனிப் பிரிவு உள்ள மையத்தில் ஒரு முறை முழு மதிப்பீடு செய்யுங்கள். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் பக்கம். அங்கே நான்கு கேள்விகள் கேளுங்கள்: ருஃபினமைடு அல்லது லாமோட்ரிஜின் சேர்க்கலாமா, மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவுமுறை பொருந்துமா, விழும் வலிப்புக்கு மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலத்தைத் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சை உதவுமா, மருந்துத் தரத்திலான 100 மி.கி. கன்னாபிடியால் கரைசலை முறைப்படி எழுதித் தர முடியுமா. வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றால், சொந்த உபயோகத்துக்கு மருந்து இறக்குமதி செய்யப் படிவம் 12-ஏ வழியாக விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. மருத்துவரின் சீட்டோடு அதைச் செய்யலாம். கூடுதல் அனுமதி தேவையா என்பதையும் அப்போதே அங்கே கேட்டுவிடுங்கள்.

கன்னாபிடியால் தொடங்கும்படி ஆனால், சொட்டுக் கணக்கு வேண்டாம், மி.லி. கோடு போட்ட ஊசியில்லாச் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு கொடுத்தால் உடலில் ஏறும் அளவு நான்கு மடங்கு வரை கூடும். எனவே ஒரு நாள் வெறும் வயிறு, மறுநாள் நெய்ச் சோறு என்று மாற்றாமல் எப்போதும் ஒரே விதமாகக் கொடுங்கள். எபிடியோலெக்ஸ் கரைசலில் நல்லெண்ணெய் இருக்கிறது; எள் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேதி, பசியின்மை முதல் வாரங்களில் சகஜம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஆறு மாதம் கழித்தும் நோட்டில் விழும் வலிப்பு 30 சதவீதமாவது குறையவில்லை என்றால் மருந்தை மெதுவாக இறக்கி நிறுத்துவது பிரிட்டனில் பின்பற்றும் விதி. நானும் அதையே சொல்வேன். எதையும் திடீரென நிறுத்தாதீர்கள், குறிப்பாகக் குளோபசாமை.

இவை நடக்க வாரங்கள் ஆகும். அதுவரை முன்பக்கமும் தாடையும் மறைக்கும் தலைக்கவசம் போட்டு நடமாட விடுங்கள். மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று இருக்கட்டும். ஒரு அழுத்தலுக்கு எத்தனை மி.கி. என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். உங்கள் மகனின் எடைக்கு எத்தனை அழுத்தல் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்தச் சீட்டை ஸ்பிரே பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அதை அடித்துவிட்டு, உடனே 108-ஐ அழையுங்கள்.