மைக் கைக்கு வந்ததும் நா உலர்ந்துவிடுகிறதே, அக்கா!

கேள்வி: எனக்கு 26 வயது. திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சின்ன வயதிலிருந்தே வாசிப்பில் பைத்தியம். தெற்கே காலி நகரில் நடக்கும் காலி இலக்கிய விழாவுக்குப் போய், பிடித்த எழுத்தாளர்கள் பேசுவதை நேரில் கேட்கவென்று நானும் தோழியும் காசு சேர்க்கிறோம். ஆனால் பயமாக இருக்கிறது. போன வருடம் இங்கே ஒரு நூல் வெளியீட்டில் கேள்வி கேட்க எழும்பினேன். மைக் கைக்கு வந்ததும் நா உலர்ந்துவிட்டது. "ஒன்றுமில்லை" என்று சொல்லி இருந்துவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். காலியிலோ பெரும்பாலும் இங்கிலிஷ். வாசித்தால் விளங்கும், கதைக்கத்தான் வராது. அம்மா கேட்கிறார், "புத்தகம் கையில் இருக்கு. எழுதின ஆளின்ர முகத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேணுமா?" போகலாமா அக்கா?

— உவர்மலை வாசகி

பதில்: தங்கச்சி, போங்கள்.

முதலில் அம்மாவின் கேள்வி. அது நல்ல கேள்வி. பல வருடங்களுக்கு முன் ஓர் எழுத்தாளர் தன் கதையின் ஒரு பக்கத்தை வாசிக்கக் கேட்டேன். மகன் வீட்டை விட்டுப் போகும்போது தகப்பன் "போ" என்று சொல்லும் இடம். நான் அதைக் கோபமாகவே வாசித்து வைத்திருந்தேன். அவர் அந்த ஒற்றைச் சொல்லை மூச்சு விடுவதுபோல் சொன்னார். வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் மறுபடி வாசித்தேன். தகப்பன் வேறு ஆளாக இருந்தார். இதற்காகத்தான் போவது. கவிஞர் பிரமிள் நம் ஊரில் 1939இல் பிறந்தவர். 1997இல் தமிழ்நாட்டில் காலமானார். அவருடைய ஒரு வரியை எப்படி வாசிப்பது என்று அவரிடமே கேட்க எனக்கு இனி வழியில்லை. உயிரோடு இருக்கிறவர்களையாவது கேட்டுவிட வேண்டும். அம்மாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது பயம். வாசகரை மேடைக்குக் கீழே கைதட்ட இருக்கும் ஆளாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அது எனக்குப் பிடிக்காது. அந்தப் புத்தகத்தோடு இரவிரவாக இருந்தவர் நீங்கள். அங்கே உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நம் ஊர் வெளியீடுகளில் கேள்விக்கு இடமே குறைவு. விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, ஆய்வுரை, முதற்பிரதி, ஏற்புரை, நன்றியுரை என்று முடிவதற்குள் சனம் வாசலுக்கு வந்துவிடும். அப்படியான இடத்தில் எழும்பிய உங்கள் துணிவை நான் மெச்சுகிறேன். சிரித்தவரை விடுங்கள். அடுத்த வெளியீட்டில் மைக்கைத் தேட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நூலாசிரியர் ஒரு கையில் பிளேன்ரீயும் மற்றக் கையில் பற்றிஸுமாக ஓர் ஓரத்தில் நிற்பார். பெரும்பாலும் தனியாகத்தான் நிற்பார். அங்கே போய் ஒரு பக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு தரம் இதைச் செய்தால் நா தானாக ஈரமாகும்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும்? "எழுத உங்களைத் தூண்டியது எது?" என்பதற்கு அவர் நூறு தரம் பதில் சொல்லியிருப்பார். "அந்தத் தாய் கடிதத்தைப் பிரிக்காமலே ஏன் மடித்து வைக்கிறாள்?" என்று கேட்டால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். இரண்டு வரிதான். இங்கிலிஷில் கொப்பியில் எழுதி, தோழியிடம் காட்டித் திருத்தி, தாளைப் பார்த்தே வாசியுங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை. மைக்கை வாங்கி ஐந்து நிமிடம் தன் கருத்தைச் சொல்லிவிட்டு உட்காரும் பெரிய மனிதர்களைவிட, தாளைப் பார்த்து இரண்டு வரி வாசிக்கிறவர்தான் சபைக்கு மரியாதை செய்கிறார்.

ஒன்றும் கேட்காமல் வந்தாலும் குறையில்லை.

தமிழிலேயே கேட்டுப் பேச ஆசையென்றால் 'இலக்கியச் சந்திப்பு' என்ற பெயரைக் கவனித்து வையுங்கள். 1988இல் ஜெர்மனியில் புலம்பெயர்ந்த நம்மவர்கள் தொடங்கியது. 41ஆவது சந்திப்பு 2013இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது.

காலி விழா 2007இல் தொடங்கியது. பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரி பக்கம்தான் வரும். இங்கே மாரி மழை முடிந்தும் முடியாமலும் இருக்கும், அங்கே வெயில் கொளுத்தும். குடை இரண்டுக்கும் உதவும். நிகழ்ச்சி நிரல் வந்ததும் எல்லாவற்றுக்கும் ரிக்கெட் எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு போதும்: ஒன்று நீங்கள் வாசித்தவருடையது, மற்றது பெயரே தெரியாதவருடையது. மூன்றாவதில் காது மூடிவிடும். மிச்ச நேரத்தில் காலிக் கோட்டை மதிலில் உட்கார்ந்து, கேட்டதை எழுதுங்கள், அன்றே எழுதாவிட்டால் போய்விடும்.

கையெழுத்து வாங்கப் போகும்போது உங்கள் பெயரை ஒரு துண்டில் இங்கிலிஷ் எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். நம் பெயர்களை வரிசையில் நின்று எழுத்தெழுத்தாகச் சொல்வதிலேயே உங்கள் நேரம் முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் பிடித்த ஒரு வரியைச் சொல்லலாம்.

கடைசி நாளின் கடைசி அமர்வுக்கு மட்டும் நிற்க வேண்டாம். காலியிலிருந்து கொழும்புக்கு வந்து, திருகோணமலை இரவு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இரண்டு பெண்பிள்ளைகள் அவதிப்பட்டு ஓடுவதைவிட, நேரத்தோடு வெளிக்கிட்டு, புறக்கோட்டையில் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

— அக்கா