வான் டெர் வால்ஸ் என்ற பெயரை ஆங்கில வாக்கியத்தில் எப்படி எழுதுவது?

வேதியியல் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதிவரும் ஒருவர், வான் டெர் வால்ஸ் என்ற குடும்பப் பெயர் வாக்கியத்தின் நடுவில் வரும்போது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டுமா, சிறிய எழுத்திலா என்றும், அப்பாஸ்ட்ரஃபியை எங்கே இடுவது என்றும் கேட்டிருக்கிறார். அறிவியல் கட்டுரைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில் என்பதால் இந்தப் பெயரை அடிக்கடி திருத்த நேர்கிறது. தவறு மிகுதியாக நிகழும் இடம் அப்பாஸ்ட்ரஃபிதான் என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

1837-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பிறந்து, வாயு நிலைக்கும் திரவ நிலைக்கும் உள்ள தொடர்ச்சியைப் பற்றி 1873-ல் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்து, 1910-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அறிஞரின் பெயர் இது. இதன் இறுதியில் உள்ள எஸ் பெயரின் பகுதியே. பாயில் விதி, ஹூக் விதி என்பவற்றை ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரஃபியும் எஸ்ஸும் சேர்த்து எழுதிப் பழகிய கை, இந்த எஸ்ஸையும் ஆறாம் வேற்றுமை உருபாகக் கருதி, அதற்கு முன்னால் குறியை இட்டுவிடுகிறது. அப்போது 'வால்' என்று, அப்படி ஒருவர் இல்லாத பெயர் அச்சேறிவிடுகிறது. ஸ்டோக்ஸ் விதிக்கும் இதே கதிதான் நேர்கிறது. ஓர் அறிஞரின் பெயரைச் சிதைக்காமல் எழுதுவது அவருக்கு நாம் செய்தே ஆக வேண்டிய மரியாதை என்று கருதுகிறேன். எனவே அவர் பெயரால் வழங்கும் விசை, சமன்பாடு, ஆரம் ஆகிய சொற்களுக்கு முன் அப்பாஸ்ட்ரஃபியே வேண்டாம். தமிழில் உருபு தொக்கி நிற்பதைப் போல, அங்கே பெயர் தனியாக நின்றே அடுத்த சொல்லைத் தழுவிக்கொள்ளும். அவருடைய ஆய்வேடு, அவருடைய வாதம் என்று மனிதரையே குறிக்கும்போது மட்டும் எஸ்ஸுக்குப் பின்னால் அப்பாஸ்ட்ரஃபி வரும். அதன் பின் இன்னோர் எஸ் சேர்ப்பதா இல்லையா என்பதை அந்தந்த இதழின் நடைக் கையேடு சொல்லும்.

எழுத்தின் அளவைப் பொறுத்தவரை, டச்சு வழக்கில் இயற்பெயரோ முதலெழுத்துகளோ முன்னால் இருந்தால் 'வான்' சிறிய எழுத்தில் வரும். குடும்பப் பெயர் மட்டும் தனித்து வந்தால் அதன் முதல் எழுத்து பெரியதாகும். ஆனால் ஆங்கில வேதியியல் வழக்கு இதிலிருந்து சற்று விலகியது: வேதியியல் பெயரீட்டை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபேக்கின் கலைச்சொல் தொகுப்பு உட்பட, விசையைக் குறிக்கும்போது வாக்கிய நடுவில் சிறிய எழுத்தே பெரிதும் காணப்படுகிறது, நானும் அதையே பரிந்துரைப்பேன். வாக்கியத்தின் தொடக்கத்தில் 'வான்' மட்டும் பெரிய எழுத்துப் பெறும். 'டெர்' அங்கும் சிறியதே.

இந்த விதியை 'வான்' என்று தொடங்கும் எல்லாப் பெயர்களுக்கும் நீட்டிவிடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நாம் படிக்கும் மின்னியற்றியை உருவாக்கிய வான் டி கிராஃப், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர்; தம் பெயரின் 'வான்' பகுதியைப் பெரிய எழுத்தில் எழுதியவர். ஆகவே வாக்கியத்தின் எந்த இடத்திலும் அவர் பெயர் பெரிய எழுத்திலேயே தொடங்கும். பெல்ஜியத்தின் முன்னாள் பிரதமர் வான் ரொம்புய் பெயரும் அப்படியே. பெயருக்கு உரியவர் எப்படி எழுதினார் என்பதுதான் முதல் அளவுகோல். அது தெரியாதபோதுதான் நாட்டின் வழக்கைப் பார்க்க வேண்டும்.

இசையமைப்பாளர் பேத்தோவனைக் குறிப்பிடும்போது 'வான்' பகுதியை விட்டுவிடுவது நிலைத்துவிட்ட வழக்கம். அதைப் பார்த்து 'வால்ஸ் நிறுவினார்' என்று எழுதிவிடாதீர்கள். மூன்று சொற்களும் இடைவெளியோடு முழுமையாக வர வேண்டும். மேற்கோள் பட்டியலில் நெதர்லாந்து முறைப்படி அவர் டபிள்யூ வரிசையில் இடம்பெறுவார், ஆங்கில இதழ்கள் பலவற்றில் வி வரிசையில். எந்த முறையானாலும், மேற்கோள் மென்பொருளில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் மூன்று சொற்களையும் சேர்த்தே உள்ளிடுங்கள்; இல்லையெனில் 'வான்', 'டெர்' இரண்டும் இயற்பெயர்களாகக் கொள்ளப்பட்டு வெறும் முதலெழுத்துகளாகச் சுருங்கிவிடும்.