கரண்டி செதுக்கினால் கட்டைவிரல் வலிக்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 61. ஊர் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். ஓய்வு பெற்றபின் ஆறு மாதமாகத் திண்ணையில் உட்கார்ந்து, காய்ந்த சீமைக்கருவேலங்கட்டையில் கரண்டியும் களித்துடுப்பும் செதுக்குகிறேன். ஒரு மாதமாக வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் வலி. டம்ளரைத் தூக்கினாலே சுரீர் என்கிறது. வீட்டில் வாதம் என்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். செதுக்குவதை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். கொஞ்ச நாள் கத்தியைத் தொடாமல் இருந்தால் போதும்.

கட்டைவிரலை மடக்கி, மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொள்ளுங்கள். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். அந்த ஓரத்தில் உயிர் போகிற மாதிரி வலித்தால், அநேகமாக அது 'டீ குவெர்வெய்ன்' கோளாறு. 1895இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயர்தான் அது. கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஓயாத வேலையில் உறை தடித்துப்போனால் நாண் உரசி வலிக்கும். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மார்களுக்கும் இது வரும். வலி விரலின் அடிமூட்டிலேயே இருந்தால் தேய்மானமாக இருக்கலாம். எப்படியும் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.

டீ குவெர்வெய்ன்தான் என்றால், கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்டை 4 முதல் 6 வாரம் போடுங்கள். வெறும் கிரேப் பேண்டேஜ் போதாது. வலி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். குறையாவிட்டால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவோம். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். ஆனால் சில நாள் சர்க்கரை ஏறும், அளந்து பாருங்கள்.

அப்புறம், மரம். காய்ந்த சீமைக்கருவேல் நம் மாவட்டத்தில் கரிமூட்டத்துக்குப் போகிற கட்டை. கல் மாதிரி இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டினால் விரல் என்ன செய்யும்? ஈரம் காயாத பூவரசங்கிளையை எடுத்துப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி இல்லாவிட்டாலும் பாதி பலம் போதும். முரட்டு உருவத்தை ஆசாரியிடம் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். கத்தி கூராக இருக்கட்டும். மொட்டைக் கத்திதான் அழுத்த வைக்கும், வழுக்கி விரலையும் வெட்டும். அரை மணிக்கொரு தடவை கையை உதறி விடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலியைவிட உங்கள் சர்க்கரைதான் கவலை. விரலில் வெட்டுப்பட்டால் சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். 'கடல் தண்ணி பட்டா ஆறிடும்' என்று காயத்தோடு இறங்கவும் வேண்டாம். கடல்நீரில் உள்ள சில கிருமிகள் சர்க்கரை நோயாளியின் காயத்தில் வேகமாகப் பரவும். சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். காயத்தில் மண், அழுக்கு பட்டிருந்தால் ஐந்து வருஷமே கணக்கு. காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.