ஜெர்மன், ரஷ்யன் படிக்கும் மாணவர்களுக்கு ஆராய்ச்சியும் இன்டர்ன்ஷிப்பும் கிடைக்குமா?

ஜெர்மன் முதன்மைப் பாடம், கூடவே ரஷ்யன், இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது, பொறியியல் மாணவர்களுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நானும் இந்த இரண்டு மொழிகளையும் படித்துவிட்டு மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி என்றதும் எல்லாரும் 'வைஸ்' இன்டர்ன்ஷிப்பைத்தான் சொல்வார்கள். அது அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கானது. நீங்கள் பார்க்க வேண்டியது அதே டிஏஏடி தரும் பல்கலைக்கழகக் கோடைப் படிப்பு ஸ்காலர்ஷிப். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் சில வாரங்கள் மொழியும் இலக்கியமும் படிக்கலாம். இளங்கலையில் இரண்டு ஆண்டுகள் முடித்திருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இதுதான் சரியான நேரம். விதிகளை மட்டும் அந்தந்த ஆண்டு அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. ஜெர்மன் தெரிந்த தமிழ் மாணவருக்கென்றே ஒரு புதையல் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கிறது. 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியதிலிருந்து அங்கிருந்து போன கடிதங்கள், நாட்குறிப்புகள், தமிழ் ஓலைச்சுவடிகள் எல்லாம் ஹாலேயில் பிராங்கே அறக்கட்டளையின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பாதிரியார்கள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதி அனுப்பிய பதில்கள்கூட 1710-களில் ஜெர்மனில் அச்சாகின. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்க்காரர்கள் திருமணம், சாதி, வைத்தியம் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை நாம் ஜெர்மன் வழியாகப் படிக்க வேண்டியிருக்கிறது! அச்சான அறிக்கைகள் பல இணையத்தில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. இளங்கலை ஆய்வுக்கட்டுரைக்கு அதில் ஐந்தாறு கடிதங்களே போதும். கையெழுத்துப் பிரதிகளுக்குப் போக வேண்டுமென்றால் 'குர்ரென்ட்' என்ற பழைய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இன்றைய ஜெர்மானியர்களிலேயே பலருக்கு அது படிக்க வராது. தமிழும் குர்ரென்ட்டும் சேர்ந்து தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

'நவீன இந்தியா ஜெர்மன் ஆவணக்காப்பகங்களில், 1706–1989' என்ற திட்டத்தின் தரவுத்தளமும் இணையத்தில் இருக்கிறது. எந்தக் காப்பகத்தில் இந்தியா பற்றி என்ன இருக்கிறது என்று அதில் தேடலாம். இரண்டு மொழியும் தெரிந்த உங்களுக்கு, 1990 வரை சோவியத் அணியில் தனி நாடாக இருந்த கிழக்கு ஜெர்மனி நல்ல களம். மாஸ்கோவும் கிழக்கு பெர்லினும் இந்தியாவோடு எப்படிப் பழகின என்பதை இரண்டு பக்கத்து மூலங்களையும் வைத்துப் படிக்க முடிந்தவர்கள் இங்கே அதிகம் இல்லை.

ரஷ்யனுக்கு வருவோம். ரஷ்ய அரசு ஒவ்வோர் ஆண்டும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் ஒதுக்குகிறது. கல்விக் கட்டணம் கிடையாது, விமானச் செலவு நம்முடையது, தரும் உதவித்தொகை வாழ்க்கைச் செலவுக்குப் போதாது. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விசாரிக்க ஆழ்வார்பேட்டை ரஷ்ய மாளிகைக்கே நேரில் போகலாம். 2022-க்குப் பிறகு அமெரிக்க மாணவர்கள் பலர் ரஷ்யன் படிக்க ரஷ்யன் பரவலாகப் பேசப்படும் கசகஸ்தானின் அல்மாட்டிக்கும் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்குக்கும் போகிறார்கள். அதுவும் நமக்கு ஒரு வழிதான்.

ஆராய்ச்சி என்றால் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை விடாதீர்கள். சோவியத் பதிப்பகங்களான முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் வெளியிட்டவற்றில் ரஷ்யனிலிருந்து நேராக வந்தவையும் உண்டு. அவற்றில் ஒரு கதையை எடுத்து, ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த பிரதியோடும் மூலத்தோடும் ஒப்பிட்டால் அருமையான கட்டுரை கிடைக்கும். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

வேலை சார்ந்த பயிற்சிக்கு மொழிபெயர்ப்பு நிறுவனங்கள், சென்னையைச் சுற்றியுள்ள ஜெர்மன் கார், லாரி கம்பெனிகள் என்று கேட்டுப் பார்க்கலாம். கூடங்குளத்தில் ரஷ்ய நிபுணர்களோடு அடுத்த அலகுகளின் வேலை நடப்பதால் தொழில்நுட்ப ரஷ்யனுக்குத் தேவை இருக்கிறது. அணுமின் கலைச்சொற்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்.

அப்புறம், பேராசிரியர்களுக்கு மெயில் எழுதும்போது "உங்களிடம் ஏதாவது வாய்ப்பு உண்டா" என்று மட்டும் எழுதாதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதிலிருந்து ஒரு கேள்வி, நீங்கள் பார்க்க விரும்பும் ஆவணம், உங்கள் மொழி நிலை, வரக்கூடிய மாதங்கள், இவ்வளவையும் பத்து வரிக்குள் அவருடைய மொழியிலேயே எழுதுங்கள். அனுப்பும் முன் உங்கள் ஆசிரியரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் தயங்காமல் இன்னொரு மெயில் போடலாம்.