பள்ளி மேலாண்மைக் குழுவில் வெறும் கையெழுத்து மட்டும்தானா?

வணக்கம் சகோதரி. தாராவியில் உங்கள் மகள் படிக்கும் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உங்களைச் சேர்த்துவிட்டு, கூட்டமே கூட்டாமல் மராத்தியில் எழுதிய பதிவேட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதில் கையெழுத்திடாதீர்கள்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி இக்குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் உங்கள் கடமை. ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் மட்டும் நமக்கில்லை. அந்த எல்லையை மதித்தால்தான் தலைமையாசிரியரும் நம் பேச்சுக்குக் காது கொடுப்பார்.

நானும் வேறொரு பள்ளியில் உறுப்பினராக இருந்தவள். குடிநீர்க் குழாய்கள் மூன்றும் பழுதுபார்க்கப்பட்டதாகப் பதிவேட்டில் எழுதியிருந்ததை ஒருவர் வாசித்துக் காட்டியதும் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன்; இரண்டின் வாயில் துணி சுற்றிய மரக்கட்டைதான் செருகியிருந்தது. அன்று முதல், தமிழில் சொல்லி விளக்கி, செலவுச் சீட்டையும் காட்டிய பிறகே கையெழுத்திட்டேன்.

கூட்டத் தேதியை முன்கூட்டியே தெரிவிக்குமாறு தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் வேண்டுகோள் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள். மற்ற தாய்மார்கள் இருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள்.