நார்னியா: மகளுக்கு முதலில் படமா, புத்தகமா?

கேள்வி: நாங்கள் விசுவாசக் குடும்பம். 9 வயது மகளுக்கு நார்னியாவின் சிங்கம், சூனியக்காரி கதையைப் படமாகக் காட்டலாமா, நாவலைப் படித்துச் சொல்லலாமா?

பதில்: புத்தகம்தான் சிஸ்டர். படம் அப்புறம். நான் பெரிய இலக்கிய ஆள் இல்லை, இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கரண்ட் கட்.

2006 மே. வியாசர்பாடியில் எங்கள் சபையில் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடந்தது. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம் என்று பர்மா பஜாரில் டிவிடி வாங்கி வந்தேன். (ஒரிஜினலா என்று கமெண்டில் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் நீங்கள் எதில் பார்த்தீர்களோ அதேதான்.) படம் இங்கிலீஷ் என்பதால் டிவி பக்கத்தில் நின்று நானே தமிழில் சொன்னேன். டர்கிஷ் டிலைட்டை 'ஒரு மாதிரி அல்வா' என்றேன். அந்த அல்வாவுக்காக எட்மண்ட் என்ற பையன் கூடப்பிறந்தவர்களையே சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான். அவன் உயிருக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் தன்னை ஒப்புக்கொடுக்கிறது. பிடரியைச் சிரைத்து, கட்டி, கல்மேடையில் கிடத்துகிறார்கள். கத்தி இறங்கியது. கரண்ட் போனது.

இரவு ஏழு வரை வரவில்லை. சிங்கம் செத்துப்போச்சு என்றே பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள், ஒரு குட்டிப் பெண் தேம்பித் தேம்பி அழுதபடி. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரியும், எங்கள் பக்கம் மட்டும் இருட்டு. கேட்டால் 'லோடு' என்பார்கள். மே மாதத்தில் கைக்குழந்தை வைத்திருப்பவளிடம் போய் லோடு என்று சொல்லிப் பாருங்கள். சரி, அதை விடுங்கள்.

மறுநாள் மீதியைப் போடலாம் என்றால், அதற்குள் ஒரு மூப்பர் "சபைக்குள்ள சூனியக்காரி படமா?" என்று பிடித்துக்கொண்டார். பாஸ்டர் ஐயாதான் நடுவில் வந்து, "கதையா வேணா சொல்லி முடிச்சிடு தம்பி" என்றார். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தேடி நாவலை வாங்கினேன். சி. எஸ். லூயிஸ் எழுதி 1950-ல் வெளியானது, மெல்லிய புத்தகம். ராத்திரி முழுக்க டிக்‌ஷனரியோடு உட்கார்ந்தேன்.

படம் லண்டனில் குண்டு விழுவதில் தொடங்கும். புத்தகத்தில் அதெல்லாம் ஒரே வரி. உறைந்த ஆறு உடைந்து பிள்ளைகள் தப்பிக்கும் காட்சி புத்தகத்தில் கிடையவே கிடையாது. கடைசிச் சண்டையும் ஒன்றிரண்டு பக்கம்தான். ஆனால் உயிர்த்தெழுந்த சிங்கம் முதலில் என்ன செய்கிறது தெரியுமா? விளையாடுகிறது. இரண்டு பெண்பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து, அவர்களைத் தூக்கிப்போட்டுப் பிடித்து, மூச்சு வாங்கப் புல்லில் உருளுகிறது. அதற்கப்புறம்தான் சண்டையைப் பற்றிய யோசனையே. படத்தில் இந்த விளையாட்டு இல்லை, சண்டைக்கு ஓட வேண்டிய அவசரம்.

படம் மட்டம் என்று சொல்லவில்லை. பெண்கள் சண்டையிடுவது அசிங்கம் என்கிற மாதிரி கிறிஸ்துமஸ் தாத்தா புத்தகத்தில் ஒன்று சொல்வார். படத்தில் அதை மாற்றி, போரே அசிங்கம் என்று ஆக்கிவிட்டார்கள். இரண்டு பெண்களைப் பெற்றவன் நான், அந்த இடத்தில் என் ஓட்டு படத்துக்குத்தான். வேதத்தில் இல்லாத சிங்கம் எதற்கு என்று வருகிறவர்கள் வெளிப்படுத்தின விசேஷம் 5-ஐத் திறந்து யூதா கோத்திரத்துச் சிங்கத்தை, அதாவது இயேசுவை, பார்த்துவிட்டு வரவும்.

கடைசி நாள் ஹாலில் நானே சிங்கமாகி நாலு ரவுண்டு ஓடினேன். முட்டி பிசகிவிட்டது. அழுத அந்தக் குட்டிப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்போ இனிமே அதுக்கு வலிக்காதா அங்கிள்?" என்றாள். படம் முழுசாக ஓடியிருந்தால் அவள் இதைக் கேட்டிருப்பாளா, தெரியாது.

அடுத்த வருஷம் வி.பி.எஸ். பொறுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. புத்தகமும் இப்போது என்னிடம் இல்லை. அதே மூப்பர் பேத்திக்கு என்று வாங்கிப்போனார். இன்னும் திரும்பி வரவில்லை.