கொடி இறங்கி ஏறிய மாலை: கடிதம்

அன்புள்ள சார்,

நான் தாராபுரம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறேன். வயது 46. அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அரசியல் பேச்சுதான். இந்த ஒரு வருடமாக ராத்திரி படுத்ததும் போனை எடுத்தால் வைக்க முடிவதில்லை. கூட்டணி, ரெய்டு, கைது, அறிக்கை, அதற்குப் பதில் அறிக்கை. மணி ஒன்று ஆகிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. காலையில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். வீட்டுக்காரர், "விட்டுத் தொலையேன், உனக்கென்ன வந்தது?" என்கிறார். விட்டால் நாட்டைப் பற்றி அக்கறை இல்லாதவள் ஆகிவிடுவேனோ என்று உறுத்துகிறது. பார்ப்பதா, விடுவதா?

க.

அன்புள்ள க.,

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி.

2016 டிசம்பர் 5 மாலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதிலிருந்து இரண்டரை மாதம். இன்று அறிக்கை வருமா, வந்தால் எத்தனை வரி, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. நடுவில் நவம்பர் 8 இரவு பணமதிப்பிழப்பு வேறு. அந்த மாலை சில சேனல்கள் அவர் இறந்துவிட்டார் என்றே சொல்லிவிட்டன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தது. கொடி மறுபடி ஏறியது. எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். நான் வெளியே பால் பாக்கெட்டோடு நின்றிருந்தேன். வீட்டில் ஏற்கெனவே மூன்று பாக்கெட் இருந்தது.

நான் அவருக்கு ஆதரவாளனும் இல்லை, எதிரியும் இல்லை. ஆனாலும் அந்த 75 நாளும் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. அன்று இரவு 11.30க்கு உயிர் பிரிந்தது என்று நள்ளிரவு தாண்டி அறிவிப்பு வந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, "அப்பாடா". டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவன் காலை எட்டு மணிக்குத்தான் எழுந்தேன்.

அத்தனை நாளும் என்னை அரித்தது செய்தி இல்லை, அடுத்த செய்திக்காகக் காத்திருந்தது. திரையின் அடியில் ஓடும் அந்தச் சிவப்புப் பட்டை ஏதாவது சொல்கிறதோ இல்லையோ, இன்னும் ஒன்று வரப்போகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். போன் வந்தபிறகு அந்தப் பட்டை தலையணைக்குப் பக்கத்திலேயே வந்து படுத்துக்கொண்டது.

2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட, அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் மன அழுத்த அறிகுறிகள் அதிகம். முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம் அந்தப் பால் பாக்கெட் ஞாபகம் வந்தது.

சரி, உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் மீதிப் பாதி. "உனக்கென்ன வந்தது" என்கிறாரே, அது தப்பு. உங்களுக்கு வந்திருக்கிறது. 2021-ல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். அப்புறம் நிபந்தனைகள் வந்தன. "உங்களுக்குத் தள்ளுபடி இல்லைங்க" என்று கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னது மந்திரியா, விவாதத்தில் கத்தியவர்களா? உங்களைப் போன்றவர்கள்தான். அரசியல் உங்கள் கவுண்டருக்கே வருகிறது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்க வேண்டியதில்லையே. சுற்றறிக்கை பகலில்தான் வரும், ஒரு தடவை படித்தால் போதும். யார் யாரோடு கூட்டணி என்பது முடிவானால் காலைப் பேப்பரில் இருக்கும். பேப்பரில் எனக்குப் பிடித்ததே அதற்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருப்பதுதான்.

உங்கள் உறுத்தலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பிரெட் ஃபோர்டும் அவரது குழுவினரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொடுகிறது. அன்றாட அரசியல் மனதைக் கெடுக்கிறது, ஆனால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகத்தையும் அதுவே தருகிறது. மனதை வேறு பக்கம் திருப்பினால் நிம்மதி கிடைக்கிறது, வேகம் குறைகிறது. ஆக, நீங்கள் பயப்படுவது சும்மா இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த ஒரு வருடத்தில், ராத்திரி ஒரு மணி வரை பார்த்ததால் மறுநாள் நீங்கள் செய்த காரியம் என்ன? பிள்ளைகளைத் திட்டியதைத் தவிர?

எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் என் போன் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும். என் மனைவியின் ஏற்பாடு. முதல் வாரம் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நாலு தடவை போனேன்.

அப்புறம், அந்தப் படபடப்பு. உங்கள் வயதில் அது தைராய்டாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், மாதவிடாய் நிற்கிற காலத்தின் தொந்தரவாகவும் இருக்கலாம். ஒரு டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கம் வராமல் மனது அலைந்தால் 14416-க்குக் கூப்பிடலாம், மத்திய அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். ராத்திரியில் வேண்டாம், பகலில்.